ஈரிக் கரையில் ஒரு கோடை

பெரிய ஏரிகளில் மீன் பிடித்துப் பழகியவர்களிடம் சென்று, எந்த இரை போட்டால் இப்போது மீன் எடுக்கும் என்று கேட்டால், அவர்கள் முதலில் காற்றின் திசையைப் பற்றியும், பிறகு ஜலத்தின் உஷ்ணத்தைப் பற்றியும், அதற்கும் பிறகு முந்தாநாள் பெய்த மழையைப் பற்றியும் பேசி முடித்துவிட்டு, இரையின் பெயரை ஏதோ போகிற போக்கில் நினைவு வந்ததுபோலக் கடைசியில்தான் சொல்லுவார்கள். தொழில் ரகசியத்தை மறைப்பதற்காகச் செய்யும் தந்திரம் அல்ல இது. குளத்திலே தூண்டில் போடுகிறவனுக்கு மீன் இருக்கும் இடம் ஏறக்குறையத் தெரியும். அதை வாய் திறக்கச் செய்வதுதான் அவனுடைய கவலை. மறுகரை கண்ணுக்குத் தென்படாத நீர்ப்பரப்பில் தூண்டில் போடுகிறவனோ, மீன் எந்தத் திக்கில் இருக்கிறது, எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது, எதைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். அந்த மூன்றும் தெரிந்துவிட்டால் இரை இன்னது என்பது தானே ஏற்பட்டுவிடும். அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் கனடாவுக்கும் நடுவே கிடக்கும் ஈரி ஏரியின் தென்கரையோரமாக, ஒரு கோடைகாலத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பிரயாணம் செய்தபோது, இந்த உண்மையை ஊருக்கு ஊர் வெவ்வேறு உருவத்தில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஐந்து பேரேரிகளில் ஈரி பரப்பளவில் நான்காவது. கொள்ளும் ஜலத்தின் அளவிலோ கடைசி. நீளம் 388 கிலோமீட்டர், மிகுந்த அகலம் 92 கிலோமீட்டர், விஸ்தீரணம் சுமார் 25,700 சதுர கிலோமீட்டர் என்பது கணக்கு. இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் வெறும் 19 மீட்டர்தான் என்று கேட்கும்போது எளிதில் நம்பிக்கை வருவதில்லை. அந்தச் சராசரியும் ஒருவகையில் ஏமாற்றுகிற கணக்கே. ஏனென்றால் மேற்குப் பகுதி சராசரியாக எட்டு மீட்டர்கூட ஆழமில்லாத தட்டு, நடுப்பகுதி சுமார் 18 மீட்டர் ஆழமுள்ள சமதரை, கிழக்குப் பகுதி ஓரிடத்தில் 64 மீட்டர் வரை இறங்கும் பள்ளம் என்று, ஒரே பெயரை வைத்துக்கொண்டு மூன்று ஏரிகள் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. ஐந்திலும் தெற்கே அமைந்திருப்பதும், ஆழம் குறைந்திருப்பதும், ஆகையால் வெயிலில் சீக்கிரம் சூடேறுவதும் ஈரிதான். மீன் வளத்தில் மற்ற நான்கையும் அது மிஞ்சி நிற்பதற்கு இவையே பெரும்பாலும் காரணம்.

எனக்குத் துணையாக வந்தவர் கிளீவ்லண்டு நகரத்தில் பொறியியல் உத்தியோகம் பார்க்கும் திருநெல்வேலி இளைஞர். கிளீவ்லண்டு என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு 1978 முதல் அங்கே நடந்துவரும் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். இவருக்கும் சங்கீதத்தில் பற்று உண்டு என்றாலும், ஆராதனை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் மனம் தூண்டிலிலேயே லயித்துவிடும். "அண்ணாச்சி, தாமிரபரணியில கெண்டை பிடிச்ச கை இது, இங்க வந்து சும்மா இருக்குமா?" என்பார்.

ஜூன் மாதக் கடைசியில் ஒஹையோ மாகாணத்தின் போர்ட் கிளின்டன் என்ற சிற்றூரில் போய் இறங்கினோம். அவ்வூரின் வாழ்வும் பெருமையும் வால்ஐ என்ற மீனைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. நீண்ட உடலும், பொன்னும் பச்சையும் கலந்த செதிலும், கூரிய பற்களும், வாலின் கீழ்நுனியில் ஒரு வெண்மையும் உள்ள இந்த மீனை அவ்வூரார் எவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்றால், புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் நியூயார்க்கில் ஒளிப்பந்து இறங்குவதுபோல, இங்கே பிரம்மாண்டமான பொம்மை வால்ஐ ஒன்றை உயரத்திலிருந்து இறக்கி ஆரவாரம் செய்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த இரவில் மீனுக்குப் பதிலாக வேறொரு ஜந்து ஊரை ஆண்டுகொண்டிருந்தது. ஏரிக்கரைத் தெருவில் பல விளக்குகளை அணைத்திருந்தார்கள். எரிந்த ஒன்றிரண்டு விளக்குகளின் கீழும் கடைச் சுவர்களின் மேலும் நீண்ட வாலும் மெல்லிய சிறகும் உள்ள பூச்சிகள் அடுக்கடுக்காக அப்பியிருந்தன. நடந்தால் காலடியில் நொறுநொறுவென்று சத்தம் கேட்டது. முதல் மழைக்குப் பிறகு நம் ஊரில் ஈசல் புறப்படுவதைப் பார்த்தவர்கள், அந்த ஈசல் ஓர் ஏரி முழுவதிலிருந்தும் ஒரே இரவில் புறப்பட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். வானிலை நிலையங்களின் ராடார்க் கருவியில் இந்தப் பூச்சிக்கூட்டம் மழைமேகம்போலப் பதிவாவது உண்டு.

மேஃபிளை எனப்படும் இப்பூச்சி, முட்டையிலிருந்து வந்தபின் ஓரிரண்டு வருஷ காலம் ஏரியடிச் சேற்றில் வளை தோண்டிக்கொண்டு புழுப் பருவத்தில் வாழ்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் ஜலம் தக்க உஷ்ணத்தை அடைந்ததும் சேற்றை விட்டு மேலெழும்பி, நீர்மட்டத்தில் தோலுரித்து, சிறகு பெற்றுப் பறந்து, ஒரு நாளோ இரண்டு நாளோ உயிர்வைத்திருந்து, ஒரு கவளம் உண்ணாமல், முட்டையிட்டு மடிகிறது. அடித்தளத்திலிருந்து நீர்மட்டம் வரையில் அது மேற்கொள்ளும் அந்தச் சிறிய யாத்திரையில்தான் மீனுக்கு விருந்து. வாயருகே வந்து விழும் உணவை விட்டுவிட்டு, மீன் பெரிய இரையைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. ஆகையால் அந்த இரண்டு மூன்று வாரங்களிலும் பெரிய தகட்டு இரைகள் படகில் பெட்டிக்குள்ளேயே உறங்குகின்றன. சின்ன முள், சின்ன சுழல்தகடு, அரைப் புழு, மெதுவான ஓட்டம் என்பதே அப்போதைய விதி.

மறுநாள் சூரியோதயத்துக்கு முன்பே படகேறினோம். ஆறு பேருக்கு மேல் ஏற்றாத வாடகைப் படகு அது. காப்டன் அறுபது வயதைத் தாண்டியவர். கோடையில் மீன்பிடிப் படகும் குளிர்காலத்தில் பள்ளிக்கூடப் பஸ்ஸும் ஓட்டுகிறவர். இரண்டு உத்தியோகங்களிலும் பிரயாணிகள் ஓயாமல் கேள்வி கேட்பார்கள் என்றும், பஸ்ஸில் வருகிற குழந்தைகள் சொன்னதைக் கேட்டுக்கொள்வார்கள் என்றும் அவர் சொன்னார். கரை மறைந்த பிறகும் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தின் குளிரூட்டும் கோபுரம் மட்டும் 150 மீட்டர் உயரத்துக்கு நின்று வழிகாட்டியது; திசைகாட்டும் கருவிகள் எத்தனையோ வந்துவிட்ட இக்காலத்திலும், அந்தப் பகுதிப் படகுக்காரர்கள் இடம் குறிப்பிடுவதற்கு "கோபுரத்துக்கு இத்தனை மைல் வடக்கே" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

அவர் எங்களுக்கு முதலில் காட்டியது தூண்டிலை அல்ல, புழுப் பெட்டியை. விரல் பருமனும் ஒரு சாண் நீளமும் உள்ள இந்த மண்புழுக்களில் பெரும்பகுதி கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் புல்வெளிகளிலிருந்து கையால் எடுக்கப்படுகிறது. நெற்றியில் விளக்கும் கணுக்காலில் தகரக் குவளையும் கட்டிக்கொண்டு, பனி இறங்கிய இரவுகளில் குனிந்தபடியே நடந்து, தரைக்கு மேல் தலை நீட்டும் புழுவை அறுபடாமல் இழுத்தெடுக்கும் ஆட்கள் அந்தப் பிரதேசத்தில் ஏராளம். எந்திரத்தால் இந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பதை அறிந்தபோது எனக்குச் சற்றுத் திருப்தியாகவே இருந்தது. கோடையில் இந்தப் புழுவைக் காப்பாற்றுவதே ஒரு கலை. வெயில் பட்டால் அரைமணியில் துவண்டு நீராகிவிடும். துவண்ட புழுவை மீன் சீந்தாது. ஆகையால் பனிக்கட்டிப் பெட்டியில், கட்டி உருகிய ஜலம் புழுவைத் தொடாதபடி தனித் தட்டில் வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவே வெளியே எடுக்கிறார்கள். குளிர்ந்து விறைப்பாக இருக்கும் புழு, ஜலத்தில் இறங்கிச் சூடு பட்டதும் நெளியத் தொடங்குகிறது. அந்த நெளிவுக்குத்தான் விலை.

புழுவைப் பூட்டும் முறையும் தனி. தூண்டில் நரம்பில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முட்களைக் கட்டி, முன்னால் வர்ண மணிகளைக் கோத்து, அவற்றுக்கும் முன்னால் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு பித்தளைத் தகட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். முதல் முள்ளைப் புழுவின் தலையிலும் இரண்டாவதை நடுவுடம்பிலும் குத்தி, மீதியைச் சுதந்திரமாக ஆடவிடுகிறார்கள். படகு மணிக்கு ஒரு மைல் அல்லது ஒன்றரை மைல் வேகத்தில் நகரும்போது தகடு சுழன்று ஒளி வீசும். அதிர்வைக் கேட்டு வரும் மீன், பின்னால் நீந்தும் புழுவைக் காண்கிறது. இதற்கும் பழைய முறை ஒன்று உண்டு. ஈரி டியரி என்ற, ஈயத்தலையும் அதற்குப் பின்னே சுழல்தகடும் உள்ள தூண்டிலில் புழுவைச் செருகி, காற்றோடு மிதந்து போகும் படகிலிருந்து வீசி, வினாடிக்கு ஏறக்குறைய ஓர் அடி வீதம் இறங்கும் என்ற கணக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்து, எந்த எண்ணில் மீன் கடித்ததோ அந்த எண்ணைப் படகில் உள்ள அனைவருக்கும் உரக்கச் சொல்லுவார்கள். பன்னிரண்டு என்று ஒருவர் கத்தினால் மற்றவர்களும் பன்னிரண்டு எண்ணித் திரும்ப இழுப்பார்கள். காப்டனுக்கு இந்த முறையில்தான் பிரியம். ஆனால் 1980-களின் பிற்பகுதியில் அயல்நாட்டுக் கப்பல்கள் பாரத்துக்காக அடியில் ஏற்றிய நீரோடு வந்து குடியேறிய வரிச் சிப்பிகள் ஏரி ஜலத்தை வடிகட்டித் தெளியவைத்துவிட்டதால், வெளிச்சத்துக்கு அஞ்சும் வால்ஐ படகின் நிழலைக் கண்டாலே விலகிப் போகிறது என்றும், அதனால்தான் படகுக்கு வெகுதூரம் பக்கவாட்டில் மிதவைப் பலகைகளை ஓடவிட்டு, அவற்றின் மூலம் நரம்பை இழுத்துச் செல்லும் வழக்கம் பெருகிவிட்டது என்றும் அவர் அபிப்பிராயப்பட்டார்.

வெளிச்சத்துக்கு அஞ்சுவது அம்மீனின் கண்ணமைப்பினால். பூனைக்கு உள்ளதுபோல அதன் விழியின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி வீசும் படலம் ஒன்று இருக்கிறது; மங்கலிலும் கலங்கலிலும் தன்னுடைய இரையைவிட அதற்குத் தெளிவாகப் பார்வை தெரிவது அந்தப் படலத்தால்தான். ஆகையால் காற்றே இல்லாமல் ஏரி கண்ணாடிபோலக் கிடக்கும் உச்சிப்பொழுதை, நம்மைப் போன்றவர்கள் அழகு என்று வர்ணிக்கும் அந்த வேளையை, மீன்காரர்கள் சபிக்கிறார்கள். ஓரடி, ஒன்றரை அடி அலை எழும்படி மென்காற்று வீசினால் சூரியகிரணம் சிதறிப் போகும். மீன் துணிந்து மேலே வரும். ஆனால் காற்று வடகிழக்கிலிருந்து வலுத்தால் கதை வேறு. ஏரியின் நீளவாட்டில் ஓடிவரும் அந்தக் காற்று ஜலத்தையெல்லாம் மேற்குக் கரையில் கொண்டுவந்து குவித்து, ஆழமில்லாத தரையிலுள்ள சேற்றைக் கலக்கிவிடும். தென்மேற்கிலிருந்து புயல் வீசினாலோ, ஜலம் எதிர்முனையில் பஃபலோ நகரத்தை நோக்கி ஒதுங்கி, இரு கோடிகளின் நீர்மட்டத்துக்கும் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வித்தியாசம் ஏற்பட்டதும் உண்டு. கலங்கிய ஜலத்துக்குப் பொன்னிறத் தகடும் பளிச்சென்ற பச்சையும். தெளிந்த ஜலத்துக்கு வெள்ளியும் செம்பும் ஊதாவும். இதற்கு மேல் வர்ணத்தைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றில் பாதி, மீனைவிட மீன்காரரைப் பிடிப்பதற்காகக் கடைக்காரர்கள் செய்த ஏற்பாடு என்பது என் சொந்த அபிப்பிராயம்.

புழு இரையில் ஒரு குறை: அதை எல்லா மீனுக்கும் பிடிக்கும். வெயில் ஏற ஏற, எங்கள் தூண்டிலில் வால்ஐயைவிட டிரம் என்ற சாம்பல்நிற மீனே அதிகம் அகப்பட்டது. படகிலுள்ளோர் அதை முகம் சுளித்துக்கொண்டு திருப்பி எறிந்தார்கள். காற்றுப்பையைத் தசையால் அதிரச் செய்து உறுமும் சக்தி அதற்கு உண்டு. அதன் தலைக்குள் தந்தம்போன்ற இரண்டு கற்கள் இருக்கின்றன. கரையில் ஒதுங்கும் அக்கற்களை அதிர்ஷ்டக் கல் என்று குழந்தைகள் பொறுக்கி வைத்துக்கொள்கிறார்கள். வால்ஐயில் ஓர் ஆளுக்கு ஆறு, ஒவ்வொன்றும் குறைந்தது 15 அங்குலம் என்பது அம்மாகாணத்தின் சட்டம். நண்பர் தம் பங்கை முடித்துவிட்டார். நான் பெரும்பாலும் புழுப் பெட்டிக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை மாதம் பிறந்து மேற்குப் பகுதி முழுவதும் வெதுவெதுப்பாகிவிட்டதும், ஏப்ரலில் அங்குள்ள பாறைத் திட்டுகளில் முட்டையிட்ட வால்ஐக்களில் பருத்தவை, பெரும்பாலும் பெண்மீன்கள், குளிர்ந்த ஜலத்தையும் வேறு இரையையும் நாடிக் கிழக்கே புறப்பட்டுவிடுகின்றன. மீனுக்கு அடையாளம் பூட்டி விட்டுப் பார்த்த விஞ்ஞானிகள் இந்த யாத்திரையை நன்கு நிரூபித்திருக்கிறார்கள். மேற்கே தங்கிவிட்டவற்றுக்கு வேறு சங்கடம் வருகிறது. மாமி நதி வயல்வெளிகளிலிருந்து அடித்துக்கொண்டுவரும் பாஸ்பரஸ் சத்தினால் கோடையின் பிற்பகுதியில் அங்கே பச்சை வர்ணம் கரைத்துவிட்டதுபோல நச்சுப்பாசி படர்கிறது. 2014 ஆகஸ்டில் டொலீடோ நகரத்தின் குடிநீரில் அந்த நஞ்சு கலந்துவிட, 4 லட்சம் பேருக்கு மேல் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. கொதிக்கவைத்தாலும் அது போகாது, நீர் சுண்டச் சுண்ட நஞ்சு செறிந்துவிடும் என்பதால், பேரேரியின் கரையில் இருந்துகொண்டே ஜனங்கள் புட்டித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள்.

மீன் போன வழியே நாங்களும் கிழக்கே சென்றோம். வெர்மிலியன் என்ற ஊரில் தங்கியது ஒரே இரவு. அங்கே மஞ்சள் பெர்ச் என்ற சிறுமீனைப் பிடிப்பவர்கள் நங்கூரமிட்டு, உயிருள்ள பொடி மீன்களை இரையாக முள்ளில் குத்தி, தரையை ஒட்டி இறக்குகிறார்கள். பெர்ச்சின் வறுவலுக்கு ஈடாக வால்ஐயைச் சொல்ல முடியாது என்பதைத் தவிர அவ்வூரைப் பற்றி எழுத அதிகமில்லை.

கிளீவ்லண்டில் குயஹோகா நதியின் பாலத்தில் நின்றபோது நண்பர் கீழே சுட்டிக்காட்டி, "இதுதான் அண்ணாச்சி, தீப்பிடிச்ச ஆறு" என்றார். எண்ணெயும் ஆலைக்கழிவும் மிதந்த அந்த நதி பலமுறை எரிந்திருக்கிறது. 1969 ஜூன் 22-ஆம் தேதி எரிந்ததுதான் நாட்டின் கண்ணைத் திறந்தது. ஈரி செத்துப்போன ஏரி என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. போர்ட் கிளின்டனில் நாங்கள் கண்ட பூச்சிகள், 1953-இல் காற்றற்ற ஒரு கோடையில் அடிநீரின் பிராணவாயு தீர்ந்துபோனபோது மூச்சுத் திணறி மாண்டு, பிறகு நாற்பது வருஷ காலம் மேற்குப் பகுதியில் ஏறக்குறையத் தென்படாமலே இருந்தன. வால்ஐயின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க நீலப் பைக் என்ற மீன், ஒரு காலத்தில் வலை வலையாக ஏற்றுமதியானது, 1950-களின் இறுதியில் அருகி, 1983-இல் அடியோடு அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 1970-இல் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டு வால்ஐ பிடிப்பதே தடைப்பட்டது. 1972-இல் இரு தேசங்களும் செய்துகொண்ட ஜலப் பாதுகாப்பு ஒப்பந்தமும், பிறகு வந்த பிடிப்பளவுக் கட்டுப்பாடும் வால்ஐயைக் காப்பாற்றின. 1990-களில் பூச்சிகளும் திரும்பிவந்தன. கரையூரார் சட்டைமேல் வந்து ஒட்டும் பூச்சியைத் தட்டிவிடும்போதுகூடப் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாததன் காரணம் அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கிற்று.

ஆகஸ்டு மாதத்தில் ஆஷ்டபூலா துறைமுகத்தை அடைந்தோம். வழிநெடுகத் திராட்சைத் தோட்டங்கள். ஏரி சேமித்து வைத்திருக்கும் வெப்பம் இலையுதிர்கால உறைபனியைத் தள்ளிப்போடுவதால் அந்தக் கொடிகள் அங்கே பிழைக்கின்றன. இங்கே ஜலம் ஆழமானது; ஆகையால் காற்று அதை அடிவரை கலக்க முடிவதில்லை. வெயிலில் சூடேறி இலேசான ஜலம் மேலேயும், குளிர்ந்து கனத்த ஜலம் கீழேயும் தங்கி, இரண்டுக்கும் நடுவே சில அடிகளுக்குள் உஷ்ணம் சடக்கென்று இறங்கும் இடைப்படலம் ஒன்று, சுமார் 15 மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஏற்பட்டுவிடுகிறது. படகிலிருந்த எதிரொலிக் கருவியில் அது சாம்பல்நிறக் கோடாகத் தெரிந்தது. கோட்டுக்குக் கீழே குளிர்ச்சி உண்டு, பிராணவாயு இல்லை. மக்கி விழும் பாசி அதைத் தின்றுவிடுகிறது. மேலே பிராணவாயு உண்டு, குளிர்ச்சி போதாது. இரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய பட்டையில், கோட்டுக்குச் சற்று மேலாக, மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

இங்கே புழு இல்லை. இழுக்க இழுக்கப் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் பாயும் வட்டத் தட்டு ஒன்றை நரம்பில் பூட்டி, அதற்குப் பின்னால் தேக்கரண்டியின் குழிவுபோல வளைந்த மெல்லிய உலோகத் தகட்டைக் கட்டி, மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் ஓட்டுகிறார்கள். வெதுவெதுப்பான ஜலத்தில் மீனுக்குப் பசியும் வேகமும் அதிகம். ஜூனில் மெதுவாக ஊர்ந்த இரையை எடுத்த அதே மீன், ஆகஸ்டில் தப்பி ஓடுவதைத்தான் துரத்துகிறது. எத்தனை அடி நரம்பு வெளியே போயிருக்கிறது என்பதைக் காட்டும் எண் ஒவ்வொரு சக்கரத்திலும் இருந்தது. அந்த எண்ணைப் பத்தடி கூட்டியும் குறைத்தும் பார்ப்பதிலேயே காப்டனின் காலைப்பொழுது கழிந்தது. இவர் போர்ட் கிளின்டன்காரரைப்போலப் பேசுகிறவர் அல்லர். நான் எத்தனை கேட்டாலும், "மத்தியானம் சொல்லுகிறேன், ஐயா" என்று மட்டும் பதில் வந்தது.

மத்தியானம் கரையில் மீன் அரியும் கொட்டகைக்கு எங்களை அவரே அழைத்துச் சென்றார். சதையை வார்ந்தெடுத்த பிறகு, அரிகிறவரிடம் இரண்டொரு மீன்களின் இரைப்பையைக் கீறச் சொன்னார். வெள்ளிநிறத்தில், விரல் நீளத்தில், அரைகுறையாகச் செரித்த சிறுமீன்கள் வெளியே வந்தன. ஸ்மெல்ட் என்னும் அந்த மீனுக்கே உரிய வெள்ளரிக்காய் வாசனை மேஜையில் பரவிற்று. அவற்றுள் முழுதாக இருந்த ஒன்றைக் கழுவித் தம் இரைப்பெட்டியின் மூடிமேல் கிடத்தி, ஒவ்வொரு தகடாக எடுத்துப் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தார். முதுகில் ஊதாவும் வயிற்றில் வெள்ளியும் பூசிய ஒல்லித் தகடு ஒத்துவந்தது. அதே அளவில் நான்கைத் தனியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்குக் காற்று மேற்கிலிருந்து வருவதாகச் சொல்லுகிறார்கள், இன்னும் இரண்டு மைல் வெளியே போகவேண்டியிருக்கும் என்றார். நண்பரோ அதைக் காதில் வாங்காமல், தொட்டியில் எறியவிருந்த மீன்தலைகளைக் குழம்புக்குக் கொடுக்கும்படி, அவற்றைக் கேட்டு வாங்கும் மனிதரை அதுவரை கண்டிராத அரிகிறவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.